106 டிகிரி என்பது வெப்பமா, வெப்பநிலையா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் பதில் ஒன்றில், வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். கத்திரி வெயில் நேரமாதலாலோ என்னவோ, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து, பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "தேநீரின் வெப்பம் 80 டிகிரி" என்று தேர்வில் எழுதியதற்கு ஆசிரியை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். செய்தித்தாள்களிலேயே "வேலூரில் வெப்பம் 106 டிகிரி" என்றுதானே போடுகிறார்கள்? இதில் என்ன பிழை?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: ஆசிரியை செய்தது சரியே. டிகிரியில் அளக்கப்படுவது வெப்பநிலை. வெப்பத்தை ஜூல் என்னும் அலகில் அளக்க வேண்டும், ஏனெனில் அது ஆற்றல். "பாலின் விலை மூன்று லிட்டர்" என்று யாராவது எழுதினால் நாம் ஏற்றுக்கொள்ள மாட்டோம் அல்லவா? இங்கு நேர்ந்திருப்பதும் அந்த வகையான குழப்பம்தான்.

ஒரு பொருளின் அணுக்களும் மூலக்கூறுகளும் ஓயாமல் அசைந்துகொண்டும் அதிர்ந்துகொண்டும் இருக்கின்றன. அந்த அசைவில் ஒரு துகளுக்குச் சராசரியாக எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதைக் காட்டுவது வெப்பநிலை. சராசரி என்பதால், பொருள் பெரிதா சிறிதா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அண்டா நிறையக் கொதிக்கும் நீரும் அதிலிருந்து ஒரு கரண்டி மொண்ட நீரும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். வெப்பமோ, வெப்பநிலை மிகுந்த பொருளிலிருந்து குறைந்த பொருளுக்கு, அந்த வேறுபாட்டின் காரணமாகவே கடந்து செல்கிற ஆற்றல். எவ்வளவு கடந்தது என்று கேட்கும்போது, பொருளின் நிறையும் அது எதனால் ஆனது என்பதும் கணக்கில் வந்துவிடுகின்றன.

உங்கள் மகளோடு சேர்ந்து ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறையின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளரில் 150 மில்லி லிட்டர் வெந்நீர் 90 டிகிரியில் இருக்கிறது. குளியலறையில் ஒரு வாளியில் 15 லிட்டர் நீர் 40 டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஒரு கிலோ நீர் 1 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெளிவரும். டம்ளர் நீர் அறையின் நிலைக்கு இறங்கும்போது வெளிவிடுவது 38 கிலோஜூல் அளவே. வாளி நீர் வெளிவிடுவது 630 கிலோஜூல். வாயை வைக்க முடியாத டம்ளரைவிட, குழந்தையைக் குளிப்பாட்டும் வாளியிலிருந்து பதினாறு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் வெளியேறுகிறது. அப்படியிருந்தும் டம்ளர் நீரை வாளியில் ஊற்றினால், வெப்பம் டம்ளர் நீரிலிருந்து வாளி நீருக்குத்தான் செல்லுமே தவிர, மறுதிசையில் ஒருபோதும் செல்லாது. யாரிடம் அதிகம் இருக்கிறது என்பது இங்கே செல்லுபடியாவதில்லை. திசையைத் தீர்மானிக்கும் உரிமை வெப்பநிலை வேறுபாட்டுக்கு மட்டுமே உண்டு.

இன்னும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். "பொருளில் அடங்கியுள்ள வெப்பம்" என்று பலரும் பேச்சுவாக்கில் சொல்கிறோம். கண்டிப்பான இயற்பியலில் அதற்கு இடமில்லை. பொருளுக்குள் இருப்பது அக ஆற்றல். அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும் வேளையில் மட்டுமே வெப்பம் என்று பெயர் பெறுகிறது. கல்யாண வீட்டில் கைமாறும்போது பணத்துக்கு மொய் என்று பெயர். அதையே வங்கியில் கட்டிய பிறகு, கணக்கில் இருக்கும் தொகையைப் பார்த்து, எது மொய்யாக வந்தது, எது சம்பளமாக வந்தது என்று எந்தக் காசாளராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதுபோலவே, சூடாக இருக்கும் இரும்புத் துண்டு அடுப்பில் வைத்ததால் சூடேறியதா, சம்மட்டியால் அடித்ததால் சூடேறியதா என்பதை அந்தத் துண்டின் இப்போதைய நிலையை வைத்துக் கண்டுபிடிக்க இயலாது. அடுப்பிலிருந்து வந்தது வெப்பம். சம்மட்டியிலிருந்து வந்தது வேலை, அதாவது அடியின் விசையால் வந்த ஆற்றல். உள்ளே சேர்ந்த பின் இரண்டும் அக ஆற்றலே.

கேள்வி: வானிலை அறிக்கையில் 106 டிகிரி என்கிறார்கள். எங்கள் வீட்டு இரும்பு கேட்டை மதியம் தொட முடியவில்லை. பக்கத்திலேயே உள்ள மரக் கதவை நன்றாகத் தொட முடிகிறது. இவற்றில் எது 106?
– வாசகர், காட்பாடி

பதில்: இரண்டும் இல்லை. அறிக்கையில் வருவது காற்றின் வெப்பநிலை. அதுவும், நேரடி வெயில் படாதபடி, காற்று புகுந்து வெளியேறும் பலகை அடைப்புகள் கொண்ட வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஆளின் நெஞ்சு உயரத்தில் வைத்து அளக்கப்படுவது. நம் செய்தித்தாள்களுக்கு இன்னும் ஃபாரன்ஹீட்டைக் கைவிட மனம் வரவில்லை; 106 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 41 டிகிரி செல்சியஸ். (இக்கட்டுரையில் இனி வேறாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் செல்சியஸ் என்று கொள்க.) நேர் வெயிலில் நிற்கும் கரிய இரும்பு கேட் 60 டிகிரியைத் தொடுவது எளிது.

கையால் தொட்டுப் பார்ப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் தோல் பொருளின் வெப்பநிலையை அறிவதில்லை; தன்னுடைய வெப்பநிலை எவ்வளவு விரைவாக, எந்தப் பக்கம் மாறுகிறது என்பதையே உணர்கிறது. அது, தொடும் பொருளுக்கும் தோலுக்கும் இடையே வெப்பம் பாயும் வேகத்தைப் பொறுத்தது. கேட்டும் மரமும் ஒரே 60 டிகிரியில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தோல் ஏறத்தாழ 34 டிகிரியில் இருக்கும். இரும்பைத் தொட்டவுடன், தொட்ட இடத்தில் தோலுக்குப் போன வெப்பத்தை ஈடுகட்ட உள்ளிருந்து மேலும் வெப்பம் ஓடிவருகிறது, ஏனெனில் இரும்பு நல்ல கடத்தி. தோராயக் கணக்கின்படி தோலின் மேற்பரப்பு 57 டிகிரி வரை ஏறிவிடும். மரத்தைத் தொட்டாலோ, அதன் மேற்பரப்பில் உள்ள சிறிதளவு ஆற்றல் தோலுக்கு வந்ததும் அந்த இடமே குளிர்ந்துவிடுகிறது. உள்ளிருந்து ஈடு வந்து சேர நேரமாகிறது. தோல் 40 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. வெப்பநிலை ஒன்றாயிருந்தும் ஒன்று சுடுகிறது, மற்றொன்று சுடவில்லை.

இதையே மார்கழி விடியற்காலையில் திருப்பிப் பார்க்கலாம். இரவு முழுவதும் திண்ணையில் கிடந்த எவர்சில்வர் சொம்பும் மரப் பலகையும் காற்றின் அதே வெப்பநிலைக்கு வந்திருக்கும். சொம்பு கையைச் சில்லிட வைக்கும். பலகை அப்படிச் செய்யாது. சொம்பு குளிராக இருப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் நம் கையிலிருந்து வெப்பத்தை விரைவாக எடுத்துக்கொள்வதைத் தவிர அது வேறொன்றும் செய்யவில்லை.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுச் சொல்வது சரியாக இருக்குமா? என் மாமியார் அப்படித்தான் சொல்கிறார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது.
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: உங்கள் மாமியாருக்கு அனுபவம் இருக்கிறது, ஆனால் மேலே சொன்ன காரணத்தால், அவருடைய கையே ஓர் அளவுகோல் ஆகிவிடுகிறது. பாத்திரம் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்து தொட்டால் எல்லாக் குழந்தைகளுக்கும் காய்ச்சல் அடிப்பதுபோல் தோன்றும். அடுப்படியிலிருந்து வந்து தொட்டால் காய்ச்சல் இருக்கும் குழந்தையும் தப்பிவிடும். தெர்மாமீட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது உண்மையில் காட்டுவது தன்னுடைய வெப்பநிலையைத்தான். அக்குளில் வைத்து, உடலிலிருந்து அதற்கு வெப்பம் பாய்வது நிற்கும்வரை காத்திருந்தால், இரண்டின் வெப்பநிலையும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு அது காட்டுவதை உடலின் அளவாக எடுத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டு எடுத்துவிட்டால் குறைத்தே காட்டும்.

கேள்வி: இரவு பத்து மணிக்கு வெளியே காற்று ஓரளவு குளிர்ந்துவிடுகிறது. ஆனால் எங்கள் வீட்டின் கான்கிரீட் மேல் தளம் விடியும்வரை அனலைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. ஏசியை நிறுத்திய பத்தாவது நிமிடம் பழையபடி புழுங்குகிறது. மாடியில் தண்ணீர் ஊற்றினால் பயன் உண்டா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை மின் கட்டண ரசீதிலேயே பார்க்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்று கொள்வோம்; உயரம் பத்து அடி. அந்த அறைக்குள் இருக்கும் காற்றின் நிறை ஏறத்தாழ 40 கிலோதான். ஒரு கிலோ காற்றை 1 டிகிரி உயர்த்த 1 கிலோஜூல் போதும் என்பதால், அறைக் காற்று முழுவதையும் 1 டிகிரி உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டிய ஆற்றல் 40 கிலோஜூல். இப்போது தலைக்கு மேல் இருக்கும் தளத்தைப் பாருங்கள். ஐந்து அங்குலக் கான்கிரீட் என்றால், அந்த அறையின் மேல் மட்டும் மூன்று டன்னுக்கும் அதிகமான எடை நிற்கிறது. கான்கிரீட்டின் தன் வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோவை 1 டிகிரி உயர்த்த வேண்டிய ஆற்றல், 0.88 கிலோஜூல் அளவு. ஆகவே தளத்தை 1 டிகிரி மாற்றுவதற்கு 2,900 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். காற்றோடு ஒப்பிட்டால் எழுபது மடங்குக்கும் அதிகம். தளமும் காற்றும் ஒரே 40 டிகிரியில் இருந்தாலும், ஒன்று சில்லறை, மற்றொன்று கருவூலம்.

மாலையில் தளத்தின் சராசரி வெப்பநிலை 45 டிகிரி என்றும், விடியற்காலைக்குள் அது 33 டிகிரிக்கு இறங்குகிறது என்றும் கொண்டால், இரவு முழுவதும் அது வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 35 மெகாஜூல் (ஒரு மெகாஜூல் என்பது 1,000 கிலோஜூல்). ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3.6 மெகாஜூல். ஆக, அந்த ஒற்றை அறையின் தளம் மட்டும் பத்து யூனிட்டுக்கு ஈடான ஆற்றலை இரவில் வெளியேற்றுகிறது. அதில் ஒரு பகுதி மேலே வானத்தை நோக்கிப் போய்விடும். மீதி உங்கள் கட்டிலை நோக்கி வரும். ஏசி அறைக் காற்றைச் சில நிமிடங்களில் குளிர்வித்துவிடுகிறது, ஏனெனில் அதற்கு எடுக்க வேண்டிய வெப்பம் சொற்பம். நிறுத்தியவுடன் தளமும் சுவர்களும் அந்தக் காற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகின்றன, ஏனெனில் அவற்றுக்கும் கொடுக்க வேண்டியது சொற்பம். ஏசி பழுதாகிவிட்டது என்று மெக்கானிக்கை அழைக்கும் முன் மொட்டை மாடிக்குப் போய்த் தளத்தில் கால் வைத்துப் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றினால் பயன் உண்டு. ஊற்றும் விதத்தில் இருக்கிறது சூட்சுமம். வாளி வாளியாக ஊற்றி, அது சூடேறிக் குழாய் வழியாக ஓடிவிட்டால், 15 லிட்டர் நீர் 10 டிகிரி சூடேறி எடுத்துச் செல்வது 0.63 மெகாஜூல்தான். அதே நீரில் 10 லிட்டர் தளத்திலேயே நின்று ஆவியானால், அது எடுத்துச் செல்வது 24 மெகாஜூல். ஒரு கிலோ நீர் தன் வெப்பநிலையைச் சிறிதும் உயர்த்திக்கொள்ளாமலேயே, திரவத்திலிருந்து ஆவியாக மாறுவதற்கென்று மட்டும், சாதாரண வெப்பநிலைகளில் ஏறத்தாழ 2.4 மெகாஜூலை உறிஞ்சிக்கொள்கிறது. இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஆகவே மாலையில் வெயில் தாழ்ந்த பின், மெல்லிய படலமாகத் தெளித்து, உலர உலர மறுபடி தெளிப்பது நல்லது; பழைய கோணிச் சாக்குகளை நனைத்துப் பரப்பினால் நீர் ஓடாமல் நிற்கும். அதைவிடச் சிறந்தது, பகலில் உள்ளே ஏறவிடாமல் தடுப்பது: மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூரிய ஒளியில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். ஏற்றிக்கொண்ட வெப்பத்தை இறக்குவதற்கு ஆகும் தண்ணீருக்கு, இந்த ஊரில் லாரியை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

வேலூரைச் சுற்றி நிற்கும் கருங்கற் குன்றுகளும் உங்கள் தளத்தின் வேலையைத்தான் செய்கின்றன. கருங்கல்லின் தன் வெப்ப ஏற்புத்திறன் 0.8 கிலோஜூல் அளவு. நீருடையதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் மதிய வேளையில் கோட்டைச் சுவரின் கல் சுடும்போது, அதே வெயிலை வாங்கிக்கொண்ட அகழி நீர் அவ்வளவாகச் சூடேறுவதில்லை.

கேள்வி: ஆற்காட்டில் இருந்தவரை மண்பானைத் தண்ணீர் தொண்டைக்குச் சில்லென்று இருக்கும். அதே பானையைச் சென்னைக்கு எடுத்து வந்துவிட்டோம். இங்கே அவ்வளவாகக் குளிரவில்லை. பானை பழையதாகிவிட்டதா?
– வாசகி, சென்னை

பதில்: பானையின் நுண்துளைகளில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் குளிர்ச்சி குறையும் என்பது உண்மைதான், ஆனால் இங்கே குற்றம் பெரும்பாலும் கடற்காற்றைச் சேரும். பானையிலிருந்து கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை உள்ளே இருக்கும் நீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பத்து லிட்டர் பானையில் 100 மில்லி லிட்டர் ஆவியானால் 240 கிலோஜூல் வெளியேறும். எஞ்சிய நீர் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்ந்துவிடும். ஆற்காட்டுக் கோடைக் காற்று வறண்டது. ஆவியைத் தாராளமாக வாங்கிக்கொள்ளும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. சென்னையில் காற்றின் வெப்பநிலை குறைவாக இருக்கும் நாளிலும், வேலூரைவிடப் புழுக்கம் அதிகமாகத் தெரிவதற்கு இதே காரணம்தான். நம் வியர்வைக்கும் பானையின் கதிதான்.

கேள்வி: சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். உலை கொதித்த பிறகும் தீயைக் கூட்டினால் அரிசி சீக்கிரம் வேகும் என்று என் ஆட்கள் சொல்கிறார்கள். உண்மையா? ஆவி பட்டால் வெந்நீர் பட்டதைவிட அதிகமாகக் கொப்புளிப்பது ஏன்?
– வாசகர், ஆம்பூர்

பதில்: உண்மை இல்லை. நீர் கொதிக்கத் தொடங்கிய பின் அதற்கு எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும், திறந்த பாத்திரத்தில் அது 100 டிகிரியைத் தாண்டாது. கொடுத்த வெப்பமெல்லாம் ஒரு கிலோ நீருக்கு 2,260 கிலோஜூல் என்ற கணக்கில், நீரை ஆவியாக்கி விரட்டுவதிலேயே செலவாகிவிடும். அரிசி வேகும் வேகத்தைத் தீர்மானிப்பது அதைச் சூழ்ந்திருக்கும் நீரின் வெப்பநிலை. தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் அது ஒன்றே. கூடுதலாகச் செலவாவது விறகும் கேஸும் மட்டுமே. வெப்பநிலையை உயர்த்த வேண்டுமானால் அழுத்தத்தை உயர்த்த வேண்டும்: குக்கரில் நீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கிறது. ஏலகிரியில், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் குறைவதால் உலை 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்; அங்கு ஆர்டர் எடுத்தால் சற்று நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பிரியாணிக்குத் தம் போடும்போது மூடியின் மேல் கங்கு பரப்பி, கீழே தீயைத் தணிப்பது அறிவியலோடு முற்றிலும் ஒத்துப்போகிறது; அங்கே வேண்டியது வெப்பநிலை விழாமல் காப்பதற்கு வேண்டிய அளவு வெப்பமே தவிர, அதற்கு மேல் இல்லை.

கொப்புளத்துக்கு விடை மேலே சொன்ன 2,260-இலேயே இருக்கிறது. 100 டிகிரி நீர் ஒரு கிராம் கையில் பட்டு உடல் வெப்பநிலைக்கு இறங்கினால், அது தருவது 264 ஜூல். அதே 100 டிகிரியில் உள்ள ஆவி ஒரு கிராம் கையில் பட்டால், முதலில் நீராக மாறுவதிலேயே 2,260 ஜூலை இறக்கிவிட்டு, அதன் பிறகு அந்த 264-ஐயும் சேர்த்துத் தருகிறது. வெப்பநிலை ஒன்றே; வெப்பம் ஒன்பது மடங்குக்கும் மேல். இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி நம் பக்கம் வராதபடி மூடியின் எதிர்ப்பக்கத்தைத் தூக்கச் சொல்லிப் பெரியவர்கள் பழக்கியிருப்பது இதற்காகத்தான்.

கேள்வி: இவை இரண்டும் வேறு என்று முதலில் கண்டுபிடித்தவர் யார்? எப்படிக் கண்டுபிடித்தார்?
– கல்லூரி மாணவர், வாணியம்பாடி

பதில்: ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக்கைச் சொல்வது வழக்கம். ஃபாரன்ஹீட் 1724ஆம் ஆண்டிலும் செல்சியஸ் 1742ஆம் ஆண்டிலும் தத்தம் அளவுகோல்களை வெளியிட்ட பிறகும், தெர்மாமீட்டர் காட்டுவது வெப்பத்தின் அளவைத்தான் என்றே அறிஞர்கள் பலர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால், உருகும் நிலைக்கு வந்த பனிக்குச் சிறிது வெப்பம் கொடுத்ததும் அது முழுவதும் உருகிவிட வேண்டும்; மலைப் பனியெல்லாம் ஒரே நாளில் வெள்ளமாகப் பாய வேண்டும். அப்படி நடப்பதில்லையே என்பதுதான் பிளாக்கை உறுத்தியது.

கிளாஸ்கோவில் ஆசிரியராக இருந்தபோது, 1761ஆம் ஆண்டில், ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றில் பனிக்கட்டி, மற்றொன்றில் அதே நிறையுள்ள, பனியை ஒத்த குளிர்ந்த நீர். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். நீர் அரை மணி நேரத்தில் 33 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 40 டிகிரிக்கு, அதாவது 7 டிகிரி ஏறியது. பனிக்கட்டி உருகி அதே 40 டிகிரியை எட்டுவதற்குப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. கூடத்திலிருந்து அரை மணிக்கு 7 டிகிரிக்கு வேண்டிய வெப்பம் உள்ளே செல்கிறது என்றால், இருபத்தொரு அரை மணிகளில் 147 டிகிரிக்கு வேண்டிய வெப்பம் சென்றிருக்க வேண்டும். தெர்மாமீட்டரில் தெரிந்ததோ, பனி உருகும் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 40 வரை, 8 டிகிரி. மீதமுள்ள 139 டிகிரிக்குரிய வெப்பம் எங்கே போயிற்று? வெப்பநிலையை உயர்த்தாமல் உருக்குவதற்கு மட்டுமே செலவாயிற்று என்பது பிளாக்கின் விடை. இன்றைய அளவீட்டின்படி அந்த எண் 144. மரத்தூள் நிரப்பிய காப்புப் பெட்டிகளோ மின் கருவிகளோ இல்லாத காலத்தில், இரண்டு குடுவையையும் ஒரு கடிகாரத்தையும் கொண்டு இவ்வளவு அருகில் வந்திருக்கிறார் என்பதை எங்களால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஆயினும் பிளாக்கின் காலத்தவர் வெப்பத்தை எடையற்ற ஒரு பாய்மமாகவே கருதினார்கள். மியூனிக்கில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது உராய்வால் வெப்பம் முடிவின்றி வந்துகொண்டே இருப்பதையும், இரண்டரை மணி நேரத்தில் சுற்றியிருந்த நீர் தீயின்றியே கொதித்ததையும் ரம்ஃபோர்டு என்னும் ஆய்வாளர் 1798இல் எழுதிய பிறகு அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. 1840களில் ஆங்கிலேய அறிவியலாளர் ஜூல், எடைகளை இறங்கவிட்டுத் துடுப்புகளால் நீரைக் கடைந்து, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று அளந்து காட்டினார். வெப்பத்தின் பழைய அலகான ஒரு கலோரிக்கு 4.2 ஜூல் என்று நாம் இன்று மனப்பாடம் செய்வது அந்தக் கடைசலின் பயன்.

கேள்வி: காவலூர் வானாய்வகத்துக்குச் சென்றிருந்தபோது, சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி, ஆனால் அதைச் சூழ்ந்த ஒளிவளையம் 10 லட்சம் டிகிரிக்கு மேல் என்று கேட்டறிந்தோம். அப்படியானால் அங்கே போகும் விண்கலம் நொடியில் ஆவியாகிவிடாதா?
– பள்ளி மாணவி, ஆலங்காயம்

பதில்: வெப்பநிலை துகளுக்குரிய சராசரி என்று முதல் பதிலில் சொன்னோம். ஒளிவளையத்தின் துகள்கள் மிகக் கடும் வேகத்தில் பறக்கின்றன. அதனால் வெப்பநிலை அவ்வளவு உயரம். ஆனால் அங்கே துகள்கள் மிக மிகக் குறைவு. நம்மூர் ஆய்வகங்களில் உண்டாக்கும் நல்ல வெற்றிடங்களோடு ஒப்பிடத் தக்க அளவுக்கு வெறுமை. விண்கலத்தின் மேல் மோதும் துகள்கள் சில. அவை தரும் மொத்த வெப்பமும் சிறிது. 2018இல் ஏவப்பட்ட, நாசாவின் பார்க்கர் விண்கலம், 2024 டிசம்பரில் சூரியனின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 61 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அந்த வளையத்தின் வழியாகவே கடந்து சென்றது. அதன் கேடயம் ஏறத்தாழ 1,400 டிகிரி வரை தாங்குமாறு செய்யப்பட்டது. அதுகூடப் பெரும்பாலும் நேரடிச் சூரிய ஒளிக்காகத்தான், வளையத்தின் துகள்களுக்காக அன்று. கேடயத்தின் மறைவில் உள்ள கருவிகள் சாதாரண அறை வெப்பநிலையை ஒட்டியே இருந்தன.

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தும்போது கையில் தெறிக்கும் பொறியை நினைத்துப் பார். அது ஏறத்தாழ 1,000 டிகிரியில் இருக்கும் உலோகத் துணுக்கு. நிறை மிகச் சிறிது என்பதால் அது தோலுக்குத் தரும் வெப்பம் ஒரு ஜூலைக்கூட எட்டுவதில்லை. சுருக்கென்று குத்திவிட்டு அணைந்துவிடுகிறது. எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியை மட்டும் வெறுங்காலால் மிதித்துவிடாதே. அது பல நூறு டிகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும், நிறையும் அதற்கு உண்டு.

கேள்வி: 40 டிகிரி நாள், 20 டிகிரி நாளைவிட இரு மடங்கு சூடானது என்று சொல்லலாமா?
– வாசகர், அணைக்கட்டு

பதில்: கூடாது. செல்சியஸ் அளவுகோலின் பூஜ்யம் நீர் உறையும் இடத்தில் வசதிக்காக வைக்கப்பட்டது. அங்கே துகள்களின் அசைவு நின்றுவிடுவதில்லை. உண்மையான பூஜ்யம் அதற்குக் கீழே 273.15 டிகிரியில் இருக்கிறது. கெல்வின் அளவுகோல் அங்கிருந்து தொடங்குகிறது. அதன்படி 20 டிகிரி என்பது 293, 40 டிகிரி என்பது 313. கூடுதல் ஏழு சதவீதம் அளவே.